முள் ஏறிய பின்

வரதமாநதி அணையைத் தாண்டி, சாலை காட்டுக்குள் வளையத் தொடங்கியதும் மாமனார் சன்னல் கண்ணாடியை இறக்கினார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை வெயில் மரங்களுக்கு மேலே நின்றது. அவர் முகத்தை வெளியே நீட்டி மூச்சிழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை, ஒரு மாதிரி இனிப்பு வாடை வருதுங்க. வண்டிய ஓரங்கட்டுங்க.”

வெப்பமானியின் முள் பாதியைக் கடந்திருந்ததை அவர் சொல்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். “அடுத்த வளைவுல எடம் இருக்கும் மாமா, அங்க நிறுத்திக்கலாம்” என்றேன். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தபடி ஒட்டி வந்தது. அடுத்த வளைவில் சுற்றுலா வேன்கள் நின்றன. அதற்கடுத்த வளைவில் இடம் இருந்தது. முள் ஏறாமல் நிற்பதுபோலத் தோன்றியதால் நிறுத்தாமல் போனேன். வடகவுஞ்சியில் நண்பர் மகளின் திருமணம். முகூர்த்தம் ஒன்பதரைக்குள். மூன்று கிலோமீட்டர் அப்படியே போனோம். நாலாவது கிலோமீட்டரில் வண்டி இழுப்பை விட்டது. பானெட்டின் இரு ஓரங்களிலும் வெண்புகை கிளம்பியது. அப்போதுதான் நிறுத்தினேன் என்று சொல்வது சரியில்லை. வண்டியே நின்றது.

அந்த மூன்று கிலோமீட்டரைப் பற்றித்தான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் பாலசமுத்திரத்துக்காரர்கள். வாசலில் நின்றால் தெற்கே மலை சுவர்போல எழுந்து நிற்கும். பழனி கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்று மேலே; கொடைக்கானல் 2,100 மீட்டர். இடையில் அறுபத்து நாலு கிலோமீட்டர் சாலை. ஒரு சிறிய பெட்ரோல் கார் நான்கு பேரையும் அவர்களுடைய பைகளையும் சுமந்துகொண்டு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரம் ஏறுகிறது என்பதை ஓட்டும்போது யாரும் நினைப்பதில்லை. கால் லேசாக அழுத்துகிறது, வண்டி ஏறுகிறது. சுமந்தது என்ன என்று எஞ்சினுக்கு மட்டும்தான் தெரியும்.

நின்றதும் நான் முதலில் செய்யப் போனது பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைப்பது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுபத்து நான்கு வயதுப் பிடி; ஆனாலும் அசைக்க முடியவில்லை. “தொடாதீங்க. முகம் வெந்துரும்.” குடிக்க வைத்திருந்த தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றலாமா என்று என் மனைவி கேட்டதற்கும் வேண்டாம் என்றார். “அதுவா ஆறணும். ஒரு மணி நேரம் ஆகும். எல்லாரும் போய் நெழல்ல உக்காருங்க.”

அவர் இளவயதில் லாரி கிளீனர். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, பேரிக்காயும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி வந்த பெட்ஃபோர்டு லாரியில் ஆறு வருடம் இருந்தவர். அந்த நாளில் கிளீனருக்கு இரண்டு முக்கிய வேலைகள். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவது. எங்கே ஊற்று இருக்கிறதோ அங்கே தகர டின்னோடு ஓடுவது. எந்த வளைவில் எந்த மாதத்தில் தண்ணீர் இருக்கும் என்பதை டிரைவரைவிடக் கிளீனருக்குத்தான் நன்றாகத் தெரிய வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் நனைத்த சாக்கைக் கட்டுவார்களாம். மலைக்கு ஏறும் வண்டி ஐந்தாறு இடத்தில் நின்றுதான் ஏறும். நிற்பது பயணத்தின் தடங்கல் என்று யாரும் நினைக்கவில்லை. அதுவும் சேர்ந்ததுதான் பயணம். “நிக்காம ஏறுன வண்டின்னு ஒண்ணு இருந்துச்சுன்னா, அது எறங்கும்போது எங்கியோ நின்னுருக்கும்” என்று பாறைமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

எஞ்சினைப் பற்றி நாம் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சக்கரத்தைச் சுழற்றும் பொருள், சூடாவது அதற்கு வரும் நோய் என்று. பெட்ரோலுக்குக் கொடுக்கிற நூறு ரூபாயில் சக்கரத்துக்குப் போவது முப்பது ரூபாய்ச் சொச்சம்தான், மற்றதெல்லாம் வெப்பம். அதில் ஒரு பாதி புகைக்குழாய் வழியே போகிறது, மீதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்துகொண்டு வந்து ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்க வேண்டும். நகர்வதைவிட அதிகமாகச் சூட்டை இறக்கிவைப்பதிலேயே அந்த இயந்திரத்தின் உழைப்பு கழிகிறது. அதை நகரும் அடுப்பு என்றே சொல்லலாம். அடுப்பில் நீர் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும்.

முதல் கார்களுக்கு இது வெளிப்படையாகத் தெரிந்திருந்தது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் செய்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வண்டியில் நீர் சுற்றி வராது. கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் தண்ணீர் கிடைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி நிரப்ப வேண்டியிருந்தது. ஏற்றங்களில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் என்பதை எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு வியப்பு அவர் நிறுத்திய நிறுத்தங்கள். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் ஒரு தாயும் இரு பிள்ளைகளும் தண்ணீர் தேடி நின்று நின்று போன பயணம்தான். பிறகு 1900இல் வில்ஹெல்ம் மேபாக் தேனடை போன்ற ரேடியேட்டரைச் செய்தார். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்கள். அதே நீர் சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வரத் தொடங்கியது. நிறுத்தங்கள் குறைந்தன. குறைந்து குறைந்து, நிறுத்தத்தின் நினைவே ஓட்டுபவனிடமிருந்து போய்விட்டது. இப்போது வரும் சில புதிய கார்களில் வெப்பமானி முள்கூட இல்லை. எல்லை மீறிய பின் எரியும் ஒரு சிவப்பு விளக்கு மட்டும்.

மாமா ஏன் மூடியைத் திறக்க விடவில்லை என்பதைப் பிறகு விளங்கிக்கொண்டேன். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும், கொடைக்கானல் உயரத்தில் 93 டிகிரியிலேயே. அதனால்தான் ரேடியேட்டர் மூடி அழுத்தம் கொடுத்து நீரைப் பூட்டி வைக்கிறது. உள்ளே 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனையும் நீராவியாக முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றினால் சூடான உலோகம் சட்டென்று சுருங்கி விரிசல் விடலாம். சூடேறுவதை விடவும் திடீரென்று குளிர்வது ஆபத்து.

இதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் உண்டு. பாலாறு–பொருந்தலாறு அணைக்கு அருகே இருக்கிறது பொருந்தல். 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஈமச்சின்னம் ஒன்றில் சாடிக்குள் கிடைத்த நெல், காலக்கணிப்பில் கி.மு. 490 என்று வந்ததால் அந்தப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. என் மனம் நின்றது நெல்லில் அல்ல. அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளிலும் அவற்றைச் செய்த உலையிலும். மிளகை விடச் சிறிய மணிகள். கண்ணாடியை உருக்குவது ஒரு பாதி வேலை. உருக்கியதை ஆறவிடுவது மறுபாதி. அவசரப்பட்டுக் குளிர்வித்தால் மணி உள்ளுக்குள்ளேயே கீறிக்கொண்டு பிறகொரு நாள் கையில் உடையும். சாம்பலிலோ உலையின் ஓரத்திலோ வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். மலையடிவாரத்தில் ஒருவர் நெருப்பின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தச் சும்மா இருத்தல்தான் அவருடைய தொழில் நுட்பம். பாறையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் மாமனாரை அப்படித்தான் இப்போது நினைக்கிறேன்.

முகூர்த்தம் தவறியது. மதியம் ரெக்கவரி வண்டி வந்து காரைக் கீழே இறக்கியது.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு. பெயர் வேண்டாம். வரவேற்பறை குளிர்ந்திருந்தது, காபி கொடுத்தார்கள். மறுநாள் மாலை எஸ்டிமேட் வந்தது: நான்கு பக்கம், 81,300 ரூபாய். எஞ்சினின் கீழ்ப்பாதியான ஹாஃப் எஞ்சின் மாற்ற வேண்டும், அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட் மாற்ற வேண்டும், கூடவே முப்பத்தாறு வரிகள். காரை இன்று விற்றால் ஒன்றேகால் லட்சம் கிடைத்தால் பெரிது. பதினான்கு வருட வண்டி. காப்பீடு இருக்கிறதே என்று ஒரு நிமிடம் ஆறுதல் பட்டேன்; இயந்திரக் கோளாறும் தேய்மானமும் சாதாரண மோட்டார் பாலிசியில் சேராது. மோதியிருந்தால் கிடைத்திருக்கும் பணம், சூடானதற்குக் கிடைக்காது.

தொகையால் வந்த கலக்கம் ஓர் இரவோடு போயிற்று. போகாமல் நின்றது வேறொன்று. நான்கு பக்கங்களையும் மூன்று முறை படித்தேன். எது எது கெட்டிருக்கலாம் என்று முப்பத்தெட்டு வரிகள். ஏன் சூடானது என்பதற்கு ஒரு வரி இல்லை. எஞ்சினைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “இல்லைங்க சார். ஓவர்ஹீட் ஆகி நின்ன வண்டின்னா இந்த லிஸ்ட்தான் வரும். திறக்கணும்னா அதுக்குத் தனியா அப்ரூவல் வாங்கணும்.” அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை கணினியில் தேர்ந்தெடுப்பது, பார்ப்பது அல்ல. பொறியியல் படித்த பையன். அவருடைய கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் குறிப்பேடுகளும் யாருக்குக் கிடைக்கின்றன என்பதில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. வெளிப் பட்டறைகளுக்கு அசல் பாகங்களும் கண்டறியும் கருவிகளும் கிடைக்காமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் சேர்த்தி. உரிமை என்ற சொல் சரியானது. ஆனால் அதை நுகர்வோரின் உரிமையாக மட்டும் பார்ப்பது போதாது. திறந்து பார்ப்பதற்கான அனுமதி அந்த இளைஞருக்கும் வேண்டும்.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடுவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1920இல் அவர் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, தானே ஓட்டுநராக உட்கார்ந்து ஓட்டிய தடம் பொள்ளாச்சி–பழனி. எங்கள் ஊருக்கு ஐந்து கிலோமீட்டரில் அந்த வண்டி வந்து நின்று திரும்பியிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் செய்தது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கி, கழற்றி, மறுபடி பூட்டியது. கலங்கலில் பிறந்து பள்ளியில் நிலைக்காத ஒருவர், கோவை ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய பொருளை முதல் வேலையாகப் பிரித்துப் போடுகிறார். உடைமையாளனுக்கும் அறிந்தவனுக்கும் உள்ள தூரத்தை அவர் அங்கேயே தாண்டிவிட்டார். அந்த ஒரு பேருந்து யு.எம்.எஸ். என்ற பேருந்து நிறுவனமாகப் பெருகியது, பிறகு மோட்டார்கள், சவரக்கத்தி, ரேடியோ என்று போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. பழனிச் சாலையில் அவருடைய வண்டி சூடாகி நின்ற நாட்கள் கட்டாயம் இருந்திருக்கும். இறங்கி, ஆறவிட்டு, ஏன் என்று பார்க்க அங்கே அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

பழனியில் புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொன்னது மாமாதான். அவர் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். “ஆயில் சுத்தமா இருக்கு பாருங்க. தண்ணி கலந்திருந்தா பால் டீ மாதிரி வெளுத்திருக்கும்.” விலை கேட்டேன். “ஹெட்டை இறக்கிப் பாக்காம எப்படிங்க சொல்றது? எறக்குறதுக்கு ரெண்டாயிரம். பிளாக்கும் வளைஞ்சிருந்துச்சுன்னா, நானே உங்கள அங்க திரும்பப் போகச் சொல்லிருவேன்.” பார்ப்பதற்கு ஒரு விலை, செய்வதற்கு ஒரு விலை என்று அவர் பிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஹெட் ஒரு பழைய டயரின் மேல் மல்லாந்து கிடந்தது. ஓர் இரும்பு ஸ்கேலை அதன்மேல் குறுக்காக வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினார். 0.05 மில்லிமீட்டர் வரை தாங்கும் என்றார்; அது ஒரு தலைமுடியைவிட மெலிது. எங்களுடையதில் 0.20 தகடு நடுவே தாராளமாக நுழைந்தது. நாலு தலைமுடிகளுக்கும் குறைவான அந்த இடைவெளிதான் மூன்று கிலோமீட்டரில் உண்டானது. ஹெட் கேஸ்கெட் இரண்டாவது சிலிண்டர் பக்கம் கருகிப் பிய்ந்திருந்தது. பிளாக் நேராக இருந்தது. ஹெட்டை லேத் பட்டறையில் ஃபேசிங் அடித்தால் போதும்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. “இது வெளைவுதான். காரணத்தப் பாக்கணும்” என்று ஹோஸ் பைப்புகளைக் கழற்றினார், வாட்டர் பம்ப்பைக் கையால் சுற்றிப் பார்த்தார், ஃபேனைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். கடைசியாக, சூடேறியதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தார். வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. “கூலன்ட் ஊத்தலீங்களா?”

ஊற்றவில்லை. இரண்டு கோடையாக, குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தேன். சோப்பு நுரைக்காத தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஓடுபோல் படியும் தண்ணீர். குடத்தில் படிவதைத் தினமும் பார்க்கிறவன், எஞ்சினுக்குள்ளும் அது படியும் என்று நினைக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகத் தோளில் சுமந்து, தார் கொதிக்கும் சாலையில் பழனிக்கு நடந்து வருகிறவர்களை வருடா வருடம் பார்த்து வளர்ந்தவன் நான். எந்த நீரை எதற்குச் சுமப்பது என்பதில் அத்தனை கவனம் உள்ள மண். கையெட்டும் தூரத்தில் குழாய் இருந்ததால் எனக்கு அந்தக் கவனம் வரவில்லை.

கேஸ்கெட் கோவையிலிருந்து பஸ் பார்சலில் வர நான்கு நாள் ஆனது. மொத்தம் 18,650 ரூபாய். கழற்றிய பாகங்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அது அவர் வழக்கம். மலிவாக முடிந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிளாக் வளைந்திருந்தால் எண்பதாயிரமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும், அதுவும் நியாயமான விலையாக இருந்திருக்கும். ஏன் சூடானது என்று கேட்காமல் ஹாஃப் எஞ்சினை மாற்றி, அதே போர் தண்ணீரை நான் ஊற்றிக்கொண்டிருந்தால் அந்தப் புதிய எஞ்சினும் இன்னொரு சித்திரையில் இதே மலையில் நின்றிருக்கும். அந்த நான்கு பக்கக் காகிதமும் நானும் ஒரே தவறைச் செய்தோம். முள் ஏறியதும் ‘அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நான் போனேன். அது, பார்க்காமலே மாற்றிவிடலாம் என்று போனது. நிறுத்தி, ஆறவிட்டு, திறந்து பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இருவரும் தாண்டிக் குதித்தோம்.

வண்டி வீடு வந்த அன்று மாலை மாமா சாக்கைப் பிரித்து அந்தப் பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்தார். மெக்கானிக்கிடம் சொல்லிப் புதிதாக இன்னொன்றும் வாங்கி வந்திருந்தார், அறுநூறு சொச்சம் ரூபாய். சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இரண்டையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். என் மகள் நாற்காலியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே மெழுகு இருக்கிறது, சூடானதும் அது பருத்துக் கதவைத் திறக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரில் சிறு குமிழிகள் எழுந்தபோது புதியது வாய் திறக்கத் தொடங்கியது. கொதி வருவதற்குள் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டது. பழையது நகக்கண் அளவுக்கு அசைந்து அங்கேயே சிக்கி நின்றது. சமவெளிக்கு அந்த இடுக்கு போதுமாக இருந்திருக்கிறது. மலைக்குப் போதவில்லை.

மகள் கேட்டாள்: “தாத்தா, இது எப்பத் தொறக்கும்?”

“இரு கண்ணு, பாப்போம்” என்று சொல்லிவிட்டு மாமா அடுப்பைச் சிறிதாக்கினார்.